கட்டைவிரலும் ஒரு ஓகேம்மாவும்

திருநெல்வேலி
10.7.2025

அன்புள்ள ஃபிரெடி,

கர்த்தர் கிருபையால் சுகம். மேடவாக்கத்தில் உங்கள் சுகமும் சிட்லபாக்கத்தில் அத்தை சுகமும் அறிய ஆவல். தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா? இங்கே பெயர்தான் தலைமையாசிரியை. சாயங்காலமானால் கால் வீங்கிவிடுகிறது.

நேற்று போனில், "போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றீர்கள். கேட்காமலா? மே மாதம் அவ்வளவு நீளமாக மெசேஜ் அனுப்பினேனே! 'இந்த வேலை வந்திருக்கிறது. போகாதே என்று நீங்கள் சொன்னால் போகமாட்டேன்' என்று அதில்தானே எழுதினேன்? ஒரு கட்டைவிரலும் ஒரு 'ஓகேம்மா'வும் வந்தது. நான் போனால் போதும் என்றிருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் வந்து சேர்ந்தேன்.

உங்கள்
ஜெரூஷா

மேடவாக்கம்
18.7.2025

என் ஜெரூ,

அந்த மெசேஜைத் தேடி எடுத்தேன். மேலே ஸ்தோத்திரம், சுகம், என் அம்மாவின் முட்டிவலி. அதற்குக் கீழே 'ரீட் மோர்'. அன்றைக்கு அதைத் தட்டவில்லை. இப்போதுதான் தட்டினேன்.

உங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தான். எல்லாரையும் விசாரித்து முடித்து, தலைபோகிற காரியத்தைக் கடைசியில் வைப்பீர்கள். எனக்கோ ஆபீசில் நாள் முழுக்க மெயில், சாட். மேலோட்டமாகப் பார்த்து ஒரு கட்டைவிரல், அடுத்தது. வீட்டுக்கு வந்தாலும் கண் ஒரு வரியில் நிற்பதில்லை. உன் கடிதத்தின் நடுவிலேயே இரண்டு தடவை போனை எடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

தாம்பரம் பிளாட்பாரத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாயே. நீயே முடிவெடுத்துவிட்டாய் என்ற கோபத்தில் நான் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்துடும்மா.

ஃபிரெடி

திருநெல்வேலி
8.9.2025

அன்புள்ள ஃபிரெடி,

வரமாட்டேன். இந்தப் பள்ளி வருஷம் முடியும்வரை இங்கேதான். இந்தத் தடவை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன், உங்கள் விரலுக்குச் சிரமம் வேண்டாம்.

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே! அலுத்துப்போயிற்று, அவ்வளவுதான். ஒரே வீட்டில் பக்கத்து அறையில் இருந்துகொண்டு மெசேஜ் அனுப்பியவள் நானும்தானே. வாய்விட்டுக் கேட்டிருக்கலாம்.

இங்கே பிள்ளைகளும் உங்களைப் போலத்தான். ஒரு பத்தி கொடுத்தால் முதல் வரியை வாசித்துவிட்டு விடை எழுதுகிறார்கள். அதட்டப் போனால் உங்கள் முகம் ஞாபகம் வந்து சிரித்துவிடுகிறேன். அறைக்கு வந்தால் அழுகை வருகிறது.

பால்கனியில் கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி ஹோட்டல் பரோட்டா வேண்டாம், வயிறு கெட்டுவிடும்.

இதுவரை வாசித்துவிட்டீர்களா?

காலாண்டு லீவு விடுகிறார்கள். 27ஆம் தேதி சனிக்கிழமை காலை தாம்பரத்தில் இறங்குவேன். போனில் சொல்லமாட்டேன்.

ஜெரூஷா