பத்து நட்டு, பத்து மஞ்சள் கோடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளா வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முட்டி வலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார், நான் பார்க்காதபோது இரண்டிரண்டு படியாக ஏறுகிறார். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, எப்படி எழுதினாய் என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், அதனால் யாரும் கேட்பதில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. முப்பது வருஷமாக பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடியில் படுத்துக் கிடக்கிறவளுக்கு வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற நேரமில்லை என்று உன் அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறார், அவர் மாற்றினால் என்ன என்று கேட்க ஒரு ஆள் இல்லை. இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருக்கிறது. நாலு நாளாக இப்படித்தான், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை நீ போன் பண்ணினாயே, அப்போது நான் ஷெட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தேன். மலைமேல் ரோடு போடுகிற இடத்துக்கு எங்கள் கம்பெனி ஆட்கள் நாற்பது பேரைத் தினமும் ஏற்றிப்போய் இறக்கி வருகிற பஸ். சக்கரத்துக்குப் பத்து நட்டு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கடைசியில் டார்க் ரெஞ்ச் போட்டு ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும், இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் அது டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன், அப்புறம் நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். என் கோடு இருந்தால் ஷெட்டில் வேறு யாரும் சரிபார்க்கமாட்டார்கள், எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அன்றைக்குப் போனை ஸ்பீக்கரில் போட்டு டூல் பாக்ஸ் மேல் வைத்துவிட்டு உன்னோடு பேசினேன். வேலை நடுவில் பேசியது என் தப்பு, உன் தப்பு இல்லை. இந்த வருஷமும் வர முடியாதும்மா என்றாய். அதுக்கென்னடா, வேலையைப் பாரு என்றேன். சும்மா சொன்னேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளம்பும்போது பார்த்தால் பத்து நட்டிலும் கோடு இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஷெட்டில் டீ குடிக்கும்போது சுரீர் என்றது. கோட்டைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, டக்கென்ற சத்தம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. பேசிக்கொண்டே வெறும் கோட்டை மட்டும் இழுத்துவிட்டேனா? பஸ் கிளம்பி அரைமணி ஆகியிருந்தது. சூப்பர்வைசரிடம் ஓடி, பஸ்ஸை நிறுத்துங்க என்றேன். நீங்க போட்ட கோட்டை நீங்களே நம்பலைன்னா நாங்க யாரை நம்புறது என்று அவர் சிரித்தார். நான் கத்தின கத்தலில் சிரிப்பு போய் டிரைவருக்கு போன் போட்டார். ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போனேன், ஒவ்வொரு வளைவிலும் பஸ் நிற்கிறதா கவிழ்ந்து கிடக்கிறதா என்று பார்த்தபடி போனேன். ஏறுகிற ரோட்டில் ஓரமாக நின்றிருந்தது. நாற்பது பேரும் வெயிலில் நிற்க, நான் முட்டி போட்டு ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தேன். பத்தும் இம்மிகூட நகரவில்லை, ரெஞ்சை வைத்து இழுத்ததும் டக். எல்லாம் கச்சிதமாக இருந்தது. இதுக்குத்தான் எங்களை வெயில்ல நிக்க வெச்சீங்களாக்கா என்று டிரைவர் சலித்துக்கொண்டார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நல்லதுதானே நடந்தது, அதற்கு எதற்கு இவ்வளவு புலம்பல் என்று நினைப்பாய். நட்டு தளர்ந்திருந்தால் கவனக்குறைவு, திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். சரியாக முறுக்கியிருக்கிறேன், ஆனால் முறுக்கியது எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நீ பேசியது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது, அந்த நேரத்தில் என் கை என்ன செய்தது என்பது சுத்தமாகத் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. இனிமேல் நான் முறுக்கினதை இன்னொருத்தரும் முறுக்கிப் பார்த்து அவர் கோட்டையும் பக்கத்தில் போடட்டும் என்று நானாகவே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். உன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் நான் தும்மினால்கூடப் பின்னாலேயே வந்து நிற்பார், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நாம் பேசிக்கொண்டிருந்தபோது நடுநடுவே டக் டக்கென்று சத்தம் ஏதாவது உன் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் உன் பேச்சில் மனசு போய், கை தன் பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது என்று தேற்றிக்கொள்வேன். விழவில்லை என்றால் போனை வைத்த பிறகு, பேச்சு எதுவும் இல்லாதபோது, தனியாக நின்று பத்து நட்டையும் முறுக்கியிருக்கிறேன், அது எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் கேட்ட மாத்திரத்தில் ஆமாம்மா கேட்டுச்சு என்று சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா, அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். பதில் எழுத மறந்துவிடாதே. சத்தம் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுது, அம்மா தாங்கிக்கொள்வேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா