அளந்தால் ரிஜெக்ட்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. குளிக்கும்போது இடது மார்பில் அந்தக் கட்டி மறுபடி கைக்குத் தட்டுப்பட்டது. போன வாரமே தெரியும், தெரியாததுபோல் இருந்துவிட்டேன். பட்டாணி அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயம்.

ஃபேக்டரியில் ஒன்பது வெல்டு. பதினான்கு வருடமாக இதே வேலை: வெல்டு மேல் கூழ் தடவி, புரோப் கருவியை நகர்த்தி, அல்ட்ராசவுண்ட் ஒலியை உள்ளே விட்டு ஓட்டை, விரிசல் தேடுவது. கிடைத்தால் இரண்டு முனையிலும் சாக்பீஸ் குறி, அளவு, பிறகு பெரும்பாலும் பெரிய X. ரிஜெக்ட். வெல்டர் தனபால் பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடியும்வரை நான் பேசமாட்டேன். மேடம் வாயைத் திறந்தால் தங்கம் கொட்டிவிடும் என்று கேன்டீனில் பேச்சாம். இருக்கட்டும்.

சாயங்காலம் லேடி டாக்டர். தொட்டுப் பார்த்தார், அக்குளையும். கோலாரில் அல்ட்ராசவுண்ட் எடுத்து வரச் சொல்லிச் சீட்டு. எனக்கே அல்ட்ராசவுண்டா! சிரித்துவிட்டேன். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு வாரமாக ஏன் சொல்லவில்லை என்று கோபம். பிறகு கோபம் போய், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம், கோமதி வருவாள் என்றேன். கோமதி அவர் தங்கச்சி, அடுத்த லைன் வீட்டு வரிசையில் இருக்கிறாள். மூன்று பிள்ளைக்கும் ஸ்கேன் எடுத்த அனுபவசாலி.

எடுத்துக்கொள்ள: சீட்டு, ஆதார், துண்டு, குடை. கோ. சேர்த்தது: இரண்டு லிட்டர் தண்ணீர். ஸ்கேன் முடியும்வரை அடக்கிக்கொள்ள வேண்டுமாம்.

ஜூலை 9, புதன்

கோலார் பஸ். ஜன்னல் சீட்டு. வழியெல்லாம் குடித்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் உயிர் போயிற்று.

ஸ்கேன் சென்டரில் நர்ஸ் என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "வயித்து ஸ்கேனுக்குத்தான் தண்ணி. இதுக்கு எதுக்கும்மா? பாத்ரூம் அங்க இருக்குது, ஓடுங்க." ஓடினேன். இதற்குப் பட்டினியும் வேண்டாமாம். காலை இட்லியையும் கோ. சாப்பிட விடவில்லை, பாவி.

உள்ளே பெண் டாக்டர்தான். அதற்கே பாதி பயம் போயிற்று. புடவையில் போனது நல்லதாயிற்று, பிளவுசை மட்டும் கழற்றினால் போதும். போட்டிருந்த பவுடரைத் துடைக்கச் சொன்னார்கள். கை தலைக்கு மேல். கூழ் சில்லென்று, ஆனால் எங்கள் கூழ்போல நாற்றம் இல்லை. புரோபும் நம் புரோபுக்குச் சொந்தக்காரன்தான். லேசான அழுத்தம், வலியே இல்லை.

திரையை எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சாம்பல் நிறத்துக்கு நடுவில் கருப்பாக ஓர் ஓட்டை. டாக்டர் பேச்சை நிறுத்தினார். இந்த முனையில் ஒரு குறி, அந்த முனையில் ஒரு குறி. அளந்தார்.

முடிந்தது, X ஒன்றுதான் பாக்கி. வீட்டுக்காரர் தட்டும் பிசைந்த சோறும் கண் முன்னால் வந்தன. வாய் தானாகக் கேட்டது: "ரிஜெக்டா டாக்டர்?"

இன்னாம்மா என்று திரும்பினார். என் வேலையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் புரோபே ஆடியது.

"எது இருந்தாலும் அளந்துதான் எழுதுவோம். அளந்தா கெட்டதுன்னு யாரு சொன்னாங்க? இது வெறும் தண்ணிக்கட்டி. உருண்டையா, ஓரம் சுத்தமா இருக்குது பாருங்க."

பார்த்தேன். அவ்வளவு அழகான ஓட்டையை நான் பார்த்ததே இல்லை.

அக்குளையும் இன்னொரு பக்கத்தையும் பார்த்து முடிக்க இருபது நிமிடம். பெரிதானாலோ வலித்தாலோ வரச் சொன்னார். ரிப்போர்ட்டை நம் டாக்டரிடம் காட்ட வேண்டும். வெளியே கோ. முகம் செத்திருந்தது. தண்ணிக்கட்டி என்றதும் அழுதாள், உடனே வாயும் வந்துவிட்டது: "நான் குடிக்க வெச்ச தண்ணிதான் அண்ணி, வழி தெரியாம அங்க போய் நின்னுக்கிச்சு."

ஆளுக்கு இரண்டு மசால் தோசை. எனக்கு மேலே ஒரு கேசரி.

திரும்பி வந்தால் பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர். கடையைச் சாத்திவிட்டு மூன்று மணியிலிருந்து நிற்கிறாராம். போனில்தான் சொல்லிவிட்டேனே என்றேன். நேரில் பார்க்கணும்போல இருந்தது என்றார். இந்த மனுஷன்.

ஜூலை 10, வியாழன்

காற்று. லீவு. நம் டாக்டர் ரிப்போர்ட் பார்த்தார். பயமில்லை. நாற்பதுக்கு மேல் ஆனவர்களுக்கு மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரேயும் சேர்த்துக் கேட்பதுண்டாம். எனக்கு முப்பத்தாறுதான், இப்போதைக்கு இது போதும்.

லைன் முழுக்க கோ. சொல்லிவிட்டாள். இரண்டு பேர் வந்து காதோடு விசாரித்தார்கள். ஒருத்திக்கு ஐந்து மாதமாகக் கட்டியாம், யாரிடமும் சொல்லவில்லையாம்! சனிக்கிழமை நானே கூட்டிப்போகிறேன். தண்ணீர் வேண்டாம், பட்டினி வேண்டாம், பவுடர் வேண்டாம், புடவை கட்டி வா என்றேன். அளக்கும்போது பயப்படாதே என்றும்.

மாவு அரைக்கணும். மறக்காமல்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். வேலைக்குப் போனேன். முதல் வெல்டு தனபாலுடையது. நடுவில் ஒரு சின்ன எதிரொலி. அளக்கச் சாக்பீஸ் எடுத்தேன். தனபால் முகம் வெளுத்தது. இந்த முகத்தைப் பதினான்கு வருடமாகப் பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை.

"பயப்படாதீங்க, சும்மா அளக்கறேன்." அளந்தேன். "அளவுக்குள்ளதான் இருக்குது. பாஸ்."

தனபால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்குது?"

நல்லா இருக்குது என்று ஃபேக்டரி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.