ஒழுகும் குழாயடியில் மலைப்பூ

கோவிச்சுக்கிட்டுப் போன அம்மணிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும்னா நானும் உன் மலைச்செடியும்தான்.

நீ உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பின அன்னிக்கே தோட்டத்துக் குழாயைச் சரிபண்ணிட்டேன். "ஒழுகுற ஊர்க் குழாயெல்லாம் அடைக்கிற பிளம்பருக்குச் சொந்த வீட்டுக் குழாய் மட்டும் கண்ணுல படாதா"ன்னு கேட்டியே, அந்த ரோஷம். அப்புறம் ஒரு சொட்டு ஒழுகலை.

ஆனா குழாயடியில நீ நட்ட செடி தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. வாளி வாளியா ஊத்தினேன். இன்னும் மோசமாச்சு. நர்சரிக்காரரைக் கூட்டிட்டு வந்தேன். "பாறைக் கசிவுல வளர்ற செடி சார் இது. நாள் முழுக்கச் சொட்டிக்கிட்டே இருக்கணும். இத்தனை நாள் இங்கே எப்படிப் பிழைச்சது?"ன்னு கேட்டார். நான் குழாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

அப்புறம் ஸ்பேனரை எடுத்து, நல்லா இருந்த வாஷரைக் கழட்டி, பழைய தேஞ்ச வாஷரையே திரும்ப மாட்டினேன். தொழிலுக்கு வந்ததிலேர்ந்து இப்படி ஒரு பாவம் பண்ணினதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல எட்டிப் பார்த்து, "என்ன சார், ரிப்பேரா?"ன்னார். "ஆமா, ஒழுகாம இருந்தது"ன்னேன்.

இன்னிக்குக் காலையில ஊதா நிறத்துல ஒரு பூ பூத்திருக்கு. உன்னை மாதிரியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு.

உன்னை வான்னு நான் கூப்பிடலை. குழாய் மறுபடியும் ஒழுகுது. திட்டத்தான் ஆள் இல்லை.

இப்படிக்கு,
சொந்த வீட்டுப் பிளம்பர்