மோத்தி ஆர்கேடைச் சுற்றிப் போகும் வழி

பிரின்ஸ் எட்வர்ட் தெரு, டர்பன்
3 பிப்ரவரி 1997

டொங்காட்டில் தம்பி வீட்டில் குந்தியிருக்கும் வைத்தி அவர்களுக்கு,

கோகிலம் எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகம் என்று வசந்தி சொன்னாள். சிறையிலிருந்து வெளியே வந்து இரண்டு மாதம் ஆகிறது. மகளைப் போய்ப் பார்க்கத் தெரிந்தது. பதினைந்து வருடம் மாதாமாதம் பஸ் பிடித்து வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவளைப் பார்க்கத்தான் கால் வரவில்லை. போகட்டும். விவாகரத்துக்கும் நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன், கடிதத்தையும் நானே முதலில் போடுகிறேன்.

காரியம் இது. நம் வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க இப்போது காசுள்ள வெள்ளைக்கார லானி ஆட்கள், கேமராவும் தொப்பியுமாக, நிறைய வருகிறார்கள். கூட ஆள் இல்லாமல், ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களே நடந்து பார்க்கிற மாதிரி வழி எழுதித் தரச் சொல்லி நூலகத்தில் கேட்டார்கள். சினிமா டிக்கெட் ஜன்னலில் இருபது வருடம் உட்கார்ந்தவளுக்குத் தெரியாத தெருவா என்று எழுதிவிட்டேன்.

காலை மார்க்கெட்டில் தொடங்கி, மசாலாக் கடைகள், பெரிய பள்ளிவாசல், நம் நட்சத்திர மகால் தியேட்டர் இருந்த இடம், பிறகு கிரே தெருவோடு சுற்றிப் போய்த் தையல்கடைகள், முடிவில் ரங்கா கடையில் ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருகிற பன்னி. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் வட்டாரத்தில் நீங்கள் எவன் பல்லையாவது உடைக்காத மூலை கிடையாது. தப்பு இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோகிலம்

*

டொங்காட்
11 பிப்ரவரி 1997

என் கோகிக்கு (கையெழுத்துப் போட்டால் போடு, நான் அப்படித்தான் எழுதுவேன்),

தாளைப் படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைக் கட்டுரை மாதிரி சுத்தமாக இருக்கிறது. மசாலாக் கடையில் "மாமியார் கொல்லி" மிளகாய்த்தூள் விற்பதை எழுதியிருக்கிறாய். அதே தூளை நான் பாபி நாயுடுவின் கண்ணில் அப்பியதையும், அவன் மீன் தொட்டிக்குள் தலையை விட்டதையும் ஏன் எழுதவில்லை? பள்ளிவாசல் மூலையை "அமைதியான இடம்" என்கிறாய். அங்கேதான் கிஸ்டன் என் விலாவில் சைக்கிள் சங்கிலியால் போட்டான். மழை வந்தால் இன்னும் வலிக்கிறது. நட்சத்திர மகால் வாசலில் நீ ஜன்னலில் விற்ற டிக்கெட்டை நான் வெளியே இரட்டை விலைக்கு விற்றேன். நீ என் மூஞ்சியைப் பார்த்து, "வெக்கமா இல்லையாடா, தடியா?" என்று கேட்டாய். கல்யாணமே அங்கேதானே முடிவானது.

ஒரு விஷயம் இடிக்கிறது. தியேட்டரிலிருந்து தையல்கடைக்கு ஏன் கிரே தெருவோடு சுற்றிப் போகச் சொல்கிறாய்? பிப்ரவரி வெயிலில் நம் ஆள் எவன் சுற்றிப் போவான்? மோத்தி ஆர்கேடுக்குள் நுழைந்தால் கூரை நிழலிலேயே அந்தப் பக்கம் வந்துவிடலாம். நம் வட்டாரத்தில் நாய்கூட ஆர்கேடுக்குள் புகுந்துதான் போகும். நம் பையன் பிரகாசனை இடுப்பில் வைத்துக்கொண்டு நீயே தினம் அப்படித்தான் போவாய்.

பையன் விழுந்த இடம், மிதிக்க மனமில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் நீ இடத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. அவன் ரத்தத்தை வேறு யாரையும் தொடவிடாமல், வாளியும் துடைப்பமுமாக நீயே கழுவினவள். அதற்கப்புறமும் அதற்குள்தான் வேலைக்குப் போனாய். இப்போது என்ன வந்தது? உள்ளே எவன் இருக்கிறான் கோகி?

வைத்தி

*

டர்பன்
17 பிப்ரவரி 1997

வைத்தி அவர்களுக்கு,

தப்பைத் திருத்தச் சொன்னேன், துப்பறியச் சொல்லவில்லை. ஆர்கேடில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரி எவளாவது குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டால் என் தலை உருளும். அவ்வளவுதான்.

வசந்திக்கு ஐந்து மாதம். புளிப்பாகக் கேட்கிறாள். நான் மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்பா வந்தா தொட்டில் கம்பு அடிச்சுத் தருவாரா?" என்று கேட்டாள். சிறையில் தச்சுவேலை கற்றீர்களே, அதற்காவது கையைப் பயன்படுத்துங்கள். கத்தி பிடித்த கை உளியும் பிடிக்குமென்று ஊர் பார்க்கட்டும்.

கோகிலம்

*

டொங்காட்
24 பிப்ரவரி 1997

கோகி,

உனக்குப் பொய் சொல்ல வராது. ஜன்னலில் சில்லறை இல்லை என்று சொல்லும்போதே காது சிவக்கும்.

டர்பன் பஸ் ஓட்டுகிற லோகாவைப் பிடித்துக் கேட்டேன். "குழியாவது ஒண்ணாவது? ஆர்கேடு பளபளன்னு இருக்குண்ணே. உள்ள ஒரு கடிகாரம் ரிப்பேர் பண்றவன் ரெண்டு வருஷமா உக்காந்திருக்கான். ஜோபர்க்லேர்ந்து வந்தவன். ஒரு பக்கம் காது இல்ல" என்றான்.

அந்தக் காதைக் கடித்துத் துப்பியவனே நான்தானே. அவன் தாமோ நாயக்கர்தான்.

டிக்கெட் போட்டியில் என் மேல் இருந்த பகைக்கு என்னைத் தேடி வந்திருக்கலாம். நான் தெருவில்தான் நின்றேன். உனக்கு ரொட்டி வாங்கப் போன பையனை, டிக்கெட் வியாபாரம் என்றால் என்னவென்று தெரியாத பையனை, அண்ணனும் தம்பியுமாகக் கடை ஷட்டரோடு அழுத்திப் பிடித்துக் குத்தினார்கள். ஷட்டர் முழுக்க அவன் உள்ளங்கை இழுத்த தடம் இருந்தது. அது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அண்ணனை அதே ராத்திரி நான் முடித்தேன். இவன் தப்பி ஓடினான். சிறையில் ஒவ்வொரு நாளும் இவன் ஒருவனுக்காகவே சோறு தின்றேன்.

நீ இத்தனை நாள் அவன் அங்கே இருக்கிறான் என்று தெரிந்தும் சும்மா இருந்தாயே, உனக்கு நெஞ்சு எதனால் செய்தது?

மார்ச் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். கரும்பு வெட்டுகிற கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். தோட்டத்துக்கு என்று தம்பி நினைக்கிறான். அன்றைக்கு நீ அந்தப் பக்கம் வராதே.

வைத்தி

*

டர்பன்
28 பிப்ரவரி 1997

வைத்தி,

ஆமாம், தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். முதல் தடவை பார்த்தபோது என் கைப்பையில் கத்தரிக்கோல் இருந்தது. அவன் குனிந்து எவளுடைய கடிகாரத்தையோ நோண்டிக்கொண்டிருந்தான், பிடரி எனக்கு நேரே இருந்தது. குத்தியிருப்பேன். அன்றைக்கு மாலைதான் உங்களைப் பார்க்கச் சிறைக்கு வர வேண்டியிருந்தது. நானும் உள்ளே போய்விட்டால் உங்களை யார் பார்க்க வருவது என்று நினைத்தேன். அதனால்தான் அவன் உயிரோடு இருக்கிறான். என் நெஞ்சு எதனால் செய்தது என்று இனிமேல் கேட்காதீர்கள்.

அவனுக்குக் கருணை காட்டவில்லை. அவன் புழுத்துச் சாகட்டும். எனக்கு வேண்டியது நீங்கள். ஒருவனை எரித்துச் சாம்பலை ஆற்றில் விட்டேன். இன்னொருவனுக்காக மறுபடியும் ஊறுகாய் டப்பாவோடு சிறைப் பஸ்ஸில் ஏற என் முழங்காலுக்குத் தெம்பில்லை. விவாகரத்து வாங்கியதே, இனி அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று சபதம் போடத்தான். அப்புறமும் ஏறினேன். அதைத்தான் நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

வருவதென்றால் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மார்க்கெட்டிலிருந்து ஒவ்வொரு இடமாக நடந்து வாருங்கள். சுற்றிப் போகச் சொன்ன இடத்தில் சுற்றிப் போங்கள். ரங்கா கடையில் இருப்பேன், இரண்டு பேரும் சாப்பிடலாம். மீறி ஆர்கேடுக்குள் வந்தால், அவன் கடை வாசல் முக்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

கோகிலம்

*

அரசு மருத்துவமனை, டர்பன்
14 மார்ச் 1997

வைத்தி,

வலது கையால்தான் எழுதுகிறேன், பயப்பட வேண்டாம். போனது இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும். மணிக்கட்டில் தையல் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஓடிவிட்டதால் மிச்சத்தைச் சொல்கிறேன். நான் முக்காலியில்தான் இருந்தேன். தியேட்டர் பக்கமிருந்து நீங்கள் நுழைந்ததுமே ஷட்டர்கள் தடதடவென்று விழ ஆரம்பித்தன. பழைய நாள் மாதிரியே. நான் எழுந்து, "வைத்தி, வேணாம், வீட்டுக்குப் போலாம்" என்றேன். உங்கள் கண்ணில் நான் இல்லை. அவன் மட்டும்தான் இருந்தான். கத்தி இறங்கியபோது நான் கையை நீட்டினேன். தெரிந்துதான் நீட்டினேன். என் விரல் தரையில் கிடந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் நின்றீர்கள். "ஐயோ கோகி" என்று ஒரே ஒரு சொல். பிறகு காலடிச் சத்தம்தான்.

சட்டையைக் கழற்றி என் கையைக் கட்டியவன் தாமோ. என் பிள்ளையைக் குத்திய கை. நான் அவன் மூஞ்சியில் துப்பினேன். துடைத்துக்கொள்ளாமல் கட்டினான். "அக்கா, பேசாம இருங்க, ரத்தம் போகுது" என்றான். "என்னை அக்கான்னு கூப்பிடாதடா நாயே" என்றேன். தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினான். மறுநாளே கடையைக் காலி செய்துவிட்டு ஜோபர்க் பஸ் ஏறிவிட்டானாம். இனி வரமாட்டான்.

போலீஸ் வந்தது. மீன் வெட்டுகிறவன் கத்தி தவறி விழுந்தது என்றேன். ஆர்கேடில் கேட்டிருக்கிறார்கள். அங்கே மீன்கடையே கிடையாது. ஆனாலும் ஒருத்தர் விடாமல் மீன் வெட்டுகிறவன் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. கையில் வலி வரும்போதெல்லாம் வாய் நிறையத் திட்டுகிறேன், பக்கத்துப் படுக்கைக்காரி காதைப் பொத்திக்கொள்கிறாள். ஆனால் உங்கள் கத்தி கடைசியாக வெட்டியது என்னையாகவே இருக்கட்டும். அதற்குத்தான் கையை நீட்டினேன். வசந்திக்கு இன்னும் உண்மை தெரியாது. தொட்டில் கம்பு அடித்துக் கொடுத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

தாளைத் திருத்திவிட்டேன். கிரே தெருவைச் சுற்றும் வரியை அடித்துவிட்டு, தியேட்டரிலிருந்து மோத்தி ஆர்கேடுக்குள் நேராக நடக்கவும் என்று எழுதியிருக்கிறேன். அங்கே இப்போது வேறு யாரும் இல்லை, நம் பிள்ளை மட்டும்தான் இருக்கிறான். அந்த ஷட்டர் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரங்கா கடையில் இருப்பேன். வெறுங்கையோடு நடந்து வருவதானால் வாருங்கள். வராவிட்டால் இதுவே என் கடைசிக் கடிதம், பதில் எழுதிச் சமாளிக்க வேண்டாம்.

பீன்ஸ் கறி ஊற்றிய முழு பன்னி சொல்லப் போகிறேன். ஒரு கையால் என்னால் ரொட்டியைப் பிடித்துப் பிய்க்க முடியாது.

கோகி