நீ முத்தமிடாத கல்

இன்று காலை மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண், கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "ஆன்ட்டி, யாரு இவரு? எதுக்கு இப்படித் தலைகீழா தொங்கிக்கிட்டுச் சுவரை மோந்து பாக்கிறாரு?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருடச் சமையல் ஆவியில் அந்தப் படத்துக்கு நிறமே போய்விட்டது. அந்த மனிதரின் சட்டை பச்சையா நீலமா என்று எனக்கே மறந்துவிட்டது. "மோந்து பாக்கலம்மா, முத்தம் குடுக்கிறாரு" என்றேன். அவளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. அவளுக்குக் கதை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த சாம்பார் அடிப்பிடித்தது. அப்போது வந்து சமையலறையில் உட்கார்ந்தவள்தான் நீ, இன்னும் போகவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

உனக்குக் கடுதாசி எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்களுக்குக் கடுதாசி எதற்கு? கரண்டியால் சுவரில் ரெண்டு தட்டு தட்டினால் வந்து நிற்பாய்.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். என் பேச்சைக் கேட்டு இங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். நீயோ இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. 'வாடீ, போடீ' என்று 'டீ' சேர்க்க வேண்டிய இடத்தில் கன்னடத்துக் 'கணே' போட்டுப் பேசுவாய். அந்த வாய் இருக்கிறதே, அப்பப்பா! பால்காரரிடம் "உங்க பாலைக் குடிச்சுதான் என் பொண்ணு ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினா" என்பாய். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் "உங்களுக்குப் பயில்வான் உடம்பு" என்பாய். தேவராஜா மார்க்கெட்டில் பூக்காரி உனக்கு மட்டும் ஒரு முழம் கூடப் போடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "எதுக்குடி ஊருக்கெல்லாம் இப்படி ஐஸ் வைக்கிற?" என்று கேட்டால், "அவங்க முகம் மலருது பாரு, அதைப் பாக்க நல்லா இருக்கு கணே" என்பாய். எனக்கு அந்த வித்தை வரவே வராது. நல்ல வார்த்தை சொல்ல நினைத்தாலும் என் வாயில் சண்டை மாதிரிதான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் நம் தெருவில் யோகா கற்றுக்கொள்ள வெள்ளைக்காரர்கள் வந்து தங்க ஆரம்பித்தார்கள். உன் மாடி அறையில் குடிவந்தவள் மோரா, அயர்லாந்துக்காரி. என் வீட்டுக்காரரின் ஃபேக்டரி மூடிக் கிடந்த சமயம் அது. நீதான் மோராவையும் அவளுடைய கூட்டாளிகள் நாலு பேரையும் என்னிடம் மாதச் சாப்பாட்டுக்குப் பிடித்துக் கொடுத்தாய். "மைசூர்லயே உன்னை மாதிரி சமைக்கிறவ கிடையாது கணே. இவங்களோட நிக்காத, ஒரு மெஸ் போடு" என்று தினமும் காதில் ஓதினாய். நானும் நம்பினேன். முனையில் இருந்த சின்னக் கடையைப் பார்த்துப் பேசி, அடுத்த மாதம் திறப்பதாக முடிவும் செய்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. ஒரு நாள் மோரா வெயிலில் தக்காளிப்பழமாகச் சிவந்து வந்து நின்றாள். நீ உனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மகாராணி மாதிரி இருக்கே" என்றாய். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிளார்னி! சுத்தமான பிளார்னி!" என்றாள். உன் மகள் சுதா பக்கத்தில் நின்று எங்களுக்கு மொழிபெயர்த்தாள். அவர்கள் நாட்டில் பிளார்னி என்று ஓர் ஊராம். அவர்கள் மொழியில் சின்ன வயல் என்று அர்த்தமாம். அங்கே ஒரு பழைய கோட்டை, அதன் உச்சிச் சுவரில் ஒரு கல். மல்லாந்து படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, அந்தக் கல்லுக்கு முத்தம் கொடுத்தால் நாக்கில் தேன் ஊறுமாம். அந்தக் காலத்தில் கோட்டைக்காரரிடம் இங்கிலாந்து ராணி கோட்டையைக் கேட்டாளாம். அவர் 'முடியாது' என்ற வார்த்தையை மட்டும் சொல்லாமல், ராணியைப் புகழ்ந்து புகழ்ந்து கடிதமாக எழுதித் தள்ளினாராம், கோட்டையை மட்டும் கொடுக்கவில்லையாம். ராணி சலித்துப்போய், "எல்லாம் பிளார்னிப் பேச்சு!" என்றாளாம். அன்றிலிருந்து மனசைக் குளிரவைக்கும் பேச்சுக்கு அதுவே பெயராகிவிட்டதாம். "இந்தக் கதையே பிளார்னியாக இருக்கலாம்" என்று மோராவே சொல்லிச் சிரித்தாள்.

நீ விடுவாயா? "எங்க தமிழ்ல ஐஸ், கன்னடத்துல வெண்ணெய், உங்க ஊர்ல கல்லா? கல்லு கரையாதே, பரவாயில்லை" என்றாய். அடுத்த மூச்சில், "அத்தனை பேர் வாய் வைக்கிற கல்லைக் கழுவுறாங்களான்னு கேளு சுதா" என்றாய்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் மோரா என் பக்கம் திரும்பி, விளையாட்டாகத்தான், ஒன்று சொன்னாள். "இவள் உங்களை மைசூரிலேயே பெரிய சமையல்காரி என்றாளா? என்னைக்கூட மைசூரிலேயே நன்றாக யோகா செய்கிறவள் என்றாள். நானோ தினமும் கீழே விழுகிறேன்."

எனக்குச் சுரீர் என்றது. பால்காரருக்குச் சொன்னது, பூக்காரிக்குச் சொன்னது, மோராவுக்குச் சொன்னது, எனக்குச் சொன்னது எல்லாம் ஒன்றுதானா? உன் ஒரு வாய் வார்த்தையை நம்பி, இருக்கிற நாலு காசையும் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறேனா? உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் மட்டும் என்ன, அதற்கும் ஒரு ஐஸ் வைப்பாய். ஒரு வாரம் நீ சுவரைத் தட்டினால்கூட நான் வரவில்லை. கடைக்காரரிடமும் இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சுதாவைப் பெண் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்தார்கள். நல்ல வேலை, நல்ல குடும்பம், உன் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்த இடம். நீ வந்து கூப்பிட்டதும் என் கோபத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு உன் சமையலறையில் நுழைந்தேன். நஞ்சன்கூடு ரசவாழைப்பழம் போட்டுக் கேசரிபாத், வாழைக்காய் பஜ்ஜி. பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது வழக்கம் என்பது ஊருக்கே தெரியும். கடையில் வாங்கினாலும், சித்தி செய்தாலும், 'எல்லாம் பொண்ணு கைப்பக்குவம்தான்.' அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. நானும் அதைத்தான் எதிர்பார்த்து, கடலை மாவுக் கையோடு கதவு இடுக்கில் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா ரெண்டாவது தடவை கேசரி வாங்கினார். "வாயில வெச்சா கரையுது. பொண்ணு பண்ணினதா?" என்றார்.

நீ கதவு இடுக்கில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் வீட்டுக்காரர் இருமினார். அப்புறம் சொன்னாய்: "இல்லைங்க. என் பொண்ணுக்கு வெந்நீர் வெக்கத் தெரியும், அவ்வளவுதான். இது பக்கத்து வீட்டு என் சிநேகிதி பண்ணினது. இந்தக் கை வேற யாருக்கும் வராது." அதோடு விட்டாயா? "வெளிய வா கணே!" என்று கூப்பிட்டு, மாவுக் கையோடு என்னைக் கூடத்தில் நிறுத்தினாய். அந்தம்மா தட்டைக் கீழே வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

புதன்கிழமை தகவல் வந்தது. ஜாதகத்தை இன்னொரு தடவை பார்த்ததில் பொருந்தவில்லையாம். உன் வீட்டுக்காரர் ரெண்டு நாள் உன்னோடு பேசவில்லை. சுதாதான் சந்தோஷத்தில் குதித்தாள், அவள் எம்.எஸ்.ஸி. படிக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிவந்து உன்னிடம் கத்தினேன். "உனக்கென்ன பைத்தியமா? ஊருக்கெல்லாம் அளக்கிறவ, பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நீ வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "பால்காரர்கிட்ட சும்மா சொல்றேன், யாருக்கு என்ன போச்சு? இது உன்னது கணே. உன்னதை எடுத்து எப்படி என் பொண்ணுக்குக் குடுப்பேன்?" அப்புறம் உன் வாய் சும்மா இருக்குமா, "பொய் சொல்லிக் கட்டிக் குடுத்தா, தினமும் நீதான் பெங்களூர் போய்க் கேசரி கிண்டணும்" என்றாய்.

மறுநாளே கடைக்காரரிடம் போய்ச் சரி என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் உன்னைச் சந்தேகப்பட்டேன் என்பதை இன்றைக்குத்தான் சொல்கிறேன். மன்னித்துவிடு.

அடுத்த வருடம் மோராவின் தபால் அட்டை வந்தது. ஒரு பக்கம் தலைகீழ் மனிதர், மறுபக்கம் உனக்கு ஒரு வரி: 'இந்தக் கல்லை முத்தமிட நீங்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம்.' நீயே சட்டம் போட்டு மெஸ்ஸில் மாட்டினாய். சுதா படித்து முடித்து, தனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாள். அவள் வீட்டில் சமையல் மாப்பிள்ளைதான். அதை நீ ஊர் முழுக்கப் பெருமையாகச் சொன்னாய்.

கடைசியில் படுத்திருந்தபோதும் உன் வாய் ஓயவில்லை. டாக்டரிடம் "நீங்க உள்ள வந்தாலே பாதி வலி போயிடுது" என்றாய். ஊசி போட வந்த பெண்ணிடம் "பூ மாதிரி கை" என்றாய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே போனார்கள். நான் ரசம் கொண்டுவந்து ஸ்பூனில் ஊட்டினேன். கண்ணை மூடி விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி கணே" என்றாய்.

"டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னாரு" என்றேன்.

"டாக்டருக்குச் சமைச்சியா, எனக்குச் சமைச்சியா?"

நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. வெளியே வராந்தாவில் வந்து அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன்.

இன்று அந்தக் கல்லூரிப் பெண் கை கழுவிவிட்டுப் போகும்போது, "ஆன்ட்டி, உங்க சாம்பாருக்கு மைசூரையே எழுதி வெக்கலாம்" என்றாள். "ஐஸ் வைக்காதே, அடிப்பிடிச்ச வாசனை வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்றேன். கொஞ்சம் வந்தது என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.

நீ இருந்தவரை உன்னைப் பற்றி உன் முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை நான் சொன்னதில்லை. உன்னை மாதிரி ஒருத்தி மைசூரிலேயே கிடையாது கணே. இதில் ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்.