துடைக்கத் துடைக்க வரும் கை

2 மார்ச்

என் செல்ல மருமகளுக்கு, தாய்மாமன் எழுதிக்கொள்வது.

நான் அமோகமாக இருக்கிறேன். உன் அம்மா கண்மூடியதிலிருந்து இந்த வீட்டைத் தூணாகத் தாங்குவதே நான்தானே! அக்காவின் செம்பு பாட்டிலைக் கழுவி பார்சல் போடச் சொன்னாய். கழுவினேன் பார்! அரை எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்ததும் பச்சைக் களிம்பு என்னைக் கும்பிட்டுவிட்டு ஓடியது. அலசி, துணியால் ஒற்றிக் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்கூசி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் பேசினார்.

காலையில் பார்த்தால் மேலே ஒரு கைத்தடம், கறுப்பாக. தேய்த்தேன். மறுநாளும் அதே தடம். பேய்க்கே தண்ணி காட்டுகிறவன் நான், விடுவேனா?

உன் மாமன்

9 மார்ச்

அன்புள்ள மாமா,

எலுமிச்சைக் கையோடு நீங்களே பிடித்திருப்பீர்கள். ஈரம் காயாவிட்டால் செம்பு கறுக்கும். துடைத்து அனுப்பிவிடுங்கள். அங்கே வரச் சொல்லாதீர்கள். அம்மா கடைசியாகக் கூப்பிட்டபோதே வராதவள் நான். இனி எந்த முகத்தோடு வருவேன்?

உங்கள் மருமகள்

16 மார்ச்

மருமகளே,

எனக்கே பாடமா? ஐந்தாம் வகுப்பே என்னைப் பார்த்துப் பயந்து வெளியே அனுப்பியது, தெரியுமா? இந்தத் தடவை கையுறை போட்டுக் கழுவினேன். சமையலறையைப் பூட்டி, வாசலில் குறுக்கே படுத்தேன். நான் படுத்தால் யானைகூடத் தாண்டாது.

காலையில் தடம் இருக்கிறது. இடது கை. சுண்டுவிரல் மட்டும் கோணலாக விலகியிருக்கிறது. நான் வலது கைக்காரன். என் விரல்களோ ராணுவ அணிவகுப்பு!

மாமன்

23 மார்ச்

மாமா,

அம்மா இடது கைக்காரி. கதவில் நசுங்கிய அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குவேன். உங்களுக்கும் தெரியும். உங்கள் கதைக்கெல்லாம் சிரித்திருக்கிறேன். இதில் விளையாடாதீர்கள். ஒரே ஒரு தடவை, கண் காது மூக்கு வைக்காமல் எழுதுங்கள். தடம் இருக்கிறதா?

30 மார்ச்

மருமகளுக்கு,

இருக்கிறது.

நேற்று பாட்டிலைக் காலியாக, சமையலறையில் கவிழ்த்து வைத்தேன். இன்று காலையில் அங்கே இல்லை. தேடினேன். உன் அறையில், உன் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அக்கா தண்ணீர் வைக்கிற அதே இடம். கழுத்துவரை நிரம்பியிருந்தது.

நான் தொடவில்லை. உனக்கு வைத்தது.

மாமன்