வளைவில் ஒட்டிய காந்தம்

வியாழன் இரவு

அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்குப் பெரிய காந்தம் செய்கிறவர்களுக்கு, அதைத் தாங்கும் எவர்சில்வர் பட்டைகளை என் இரும்புக் கடையிலிருந்து நான்தான் அனுப்பினேன். காந்தம் ஒட்டவே கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. தகடு வந்ததும் வழக்கம்போல ஒவ்வொன்றிலும் கடைக் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்கு வளைக்கக் கொடுத்தேன். வளைத்த பிறகு பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் மிஞ்சிய பட்டையில் மைத்துனன் விளையாட்டாகக் காந்தத்தை வைத்தான்.

"மச்சான், வளைவுல ஒட்டுதே!"

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். "அழுத்தி வளைச்சா சில எவர்சில்வர்ல அப்படிக் காந்தம் ஏறும்ணே" என்றார். இத்தனை வருஷம் இரும்பு விற்றும் எனக்கு இது தெரியாது.

நாளைக் காலை அந்தப் பெரிய காந்தத்துக்கு மின்சாரம் ஏற்றுகிறார்கள். பக்கத்தில் ஸ்பேனர் கிடந்தால் குண்டு மாதிரிப் பாயும் என்று அங்குள்ள இன்ஜினியர் பெண் சொல்லியிருக்கிறது. என் பட்டை பிய்த்துக்கொண்டால், பக்கத்தில் நிற்பதும் அந்தப் பிள்ளைதான்.

அந்தப் பிள்ளையின் நம்பர் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. அடித்தேன், எடுக்கவில்லை; இரவு வேலையில் இருக்கும்போல. காந்தம் இருக்கும் கூடத்துக்குள் போன் கொண்டுபோக மாட்டார்கள்.

"வாயத் தொறந்தா ஆர்டர் போயிரும் மச்சான்."

"போனாப் போகுது மாப்ள, வண்டிய எடு."

வெளியே ஹாரன் அடிக்கிறான். விடிவதற்குள் அந்தக் கூடத்து வாசலில் நிற்க வேண்டும்.